நீர்க்கடுப்பும் நாம் அழிக்கும் நுண்ணுயிர்களும்

“பஸ் ஏறப் போறோம், இப்போ தண்ணி குடிக்காதே.” பெண் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப்போகும் எந்த வீட்டிலும் கேட்கிற பேச்சு இது. சொல்கிற அம்மாவும் காலையிலிருந்து ஒரு டம்ளருக்கு மேல் குடித்திருக்க மாட்டார். திருச்சி - மதுரை நெடுஞ்சாலையில், திருச்சியிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது விராலிமலை. மலைமேல் சண்முகநாதர், தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் திரளும் கூட்டம். சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள்; சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஷிப்ட்டுக்கு வரும் பெண்கள். ஊரைத் தாண்டினால் வானம் பார்த்த பூமி. கண்மாய்க் கரைகளில் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு இறங்கிய பெண்கள். சாமி கும்பிட வருபவருக்கும் வேலைக்கு வருபவருக்கும் இலுப்பூர், அன்னவாசல் பக்கம் படிக்கப் போகும் மாணவிக்கும் மனதுக்குள் ஒரே கணக்குதான் ஓடுகிறது: வழியில் எங்கே ஒதுங்குவது? இடம் இல்லையென்றால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கணக்குதான் ராத்திரியில் நீர்க்கடுப்பாக வந்து நிற்கிறது. எரிச்சல், அடிவயிற்றில் வலி, போய்விட்டு வந்த கையோடு மறுபடியும் போக வேண்டும் என்ற உணர்வு. “சூடு பிடிச்சிருக்கு” என்பார்கள். இளநீர், மோர், சீரகத் தண்ணீர், கால் பெருவிரலில் சுண்ணாம்பு. சுண்ணாம்பை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் உடம்புக்குள் நீரைச் சேர்க்கிறவை என்பதால் கொஞ்சம் ஆறுதல் தரத்தான் செய்கின்றன. அதிலும் அடங்கவில்லையென்றால் மருந்துக்கடை. கடைக்காரர் ஒரு அட்டையிலிருந்து நாலு ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். இரண்டு வேளையில் எரிச்சல் நிற்கும். மிச்ச மாத்திரை அலமாரிக்குப் போகும். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் எரியும்போது அதே அலமாரி, அதே மாத்திரை. இதில் அந்தப் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல. ஆனால், அந்த நாலு மாத்திரை சிறுநீர்ப்பைக்குள் என்ன செய்கிறது என்பதைப் பற்றி மருத்துவம் கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் கற்றுக்கொண்டது நிறைய. அது இன்னும் நம் மருந்துக்கடைகளுக்கோ, வீடுகளுக்கோ வந்து சேரவில்லை.

ஆரோக்கியமான மனிதரின் சிறுநீரில் கிருமியே கிடையாது என்றுதான் ஒன்றரை நூற்றாண்டாகக் கற்பிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டரும் அவருக்குப் பின் வந்தவர்களும், குடுவையில் அடைத்துவைத்த சிறுநீர் நாள்கணக்கில் கலங்காமல் இருப்பதைக் கண்டார்கள். 1950களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் ஓர் அளவுகோலைக் கொடுத்தார்: ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஒரு லட்சம் கிருமிக் கூட்டங்கள் வளர்ந்தால் தொற்று. சிறுநீரகத் தொற்றைக் கண்டுபிடிப்பதற்காக அவர் வகுத்த எல்லை அது. நாளடைவில் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ‘ஒன்றும் இல்லை’ என்று ஆகிவிட்டது. இன்றும் நம் ஊர் லேப் செய்யும் கல்ச்சர் பரிசோதனை இந்த வழியில்தான் நடக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் அளவே ஆன சிறுநீர்த் துளியை ஊடகத் தட்டில் தேய்த்து, சாதாரணக் காற்றில் ஒரு நாள் வைப்பார்கள். வேகமாக வளரும் ஈ. கோலை போன்ற கிருமிகள் மறுநாளே தெரிந்துவிடும். மெதுவாக வளர்பவையும் ஆக்சிஜன் ஆகாதவையும் அந்தத் தட்டில் தலைகாட்டுவதே இல்லை. மனித உடம்பில் வாழும் நுண்ணுயிர்களைக் கணக்கெடுக்க அமெரிக்கா 2007இல் தொடங்கிய பெரும் திட்டத்தில் வாய், குடல், தோல், மூக்கு, பெண்ணுறுப்பு எல்லாம் இருந்தன; சிறுநீர்ப்பை இல்லை. அங்கே யாரும் குடியிருக்க முடியாது என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

சிகாகோவில் உள்ள லயோலா பல்கலைக்கழகத்தில் ஆலன் வுல்ஃப், லிண்டா புரூபேக்கர் ஆகியோரின் குழு அந்த முடிவைக் கேள்வி கேட்டது. 2012இல் மரபணு வழியாகப் பாக்டீரியாவின் தடயங்களைச் சிறுநீர்ப்பையில் கண்டார்கள். தடயம் மட்டும்தானே, செத்த கிருமியாகவும் இருக்கலாமே என்ற சந்தேகத்துக்கு 2014இல் பதில் வந்தது. வெளியிலிருந்து எதுவும் கலந்துவிடக் கூடாது என்று 65 பெண்களிடம் குழாய் வழியே நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்து மாதிரி எடுத்தார்கள். வழக்கத்தைவிட நூறு மடங்கு சிறுநீர், பலவகை ஊடகங்கள், ஆக்சிஜன் குறைந்த சூழல், இரண்டு நாள் பொறுமை. 52 பேரின் மாதிரிகளில் உயிருள்ள பாக்டீரியா வளர்ந்தது. அந்த 52இல் 48, வழக்கமான பரிசோதனையில் ‘வளர்ச்சி ஏதும் இல்லை’ என்று அறிக்கை வந்தவை. இத்தனை காலம் லட்சக்கணக்கான தாள்களில் அச்சான ஒரு வரி, பரிசோதனையின் குறையையே உடம்பின் உண்மையாகச் சொல்லிவந்திருக்கிறது. மருத்துவ வரலாற்றில் இதை நான் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன். கூடுதல் சிறுநீரும் கூடுதல் ஊடகங்களும் இன்னொரு நாள் பொறுமையும் சேர்ந்து கொடுத்த திருப்பம் என்பதால் கூடுதல் மதிப்பு.

அங்கே குடியிருப்பவர்கள் யார்? லாக்டோபேசிலஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கார்ட்னரெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ், கோரினிபாக்டீரியம் எனப் பல இனங்கள். குடலில் இருக்கும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் மிகச் சிறியவை. பெண்ணுறுப்பில் வாழும் இனங்களும் சிறுநீர்ப்பையில் வாழும் இனங்களும் நெருங்கிய உறவினர் என்று 2018இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆண்களின் சிறுநீர்ப் பாதையிலும் நுண்ணுயிர்கள் உண்டு. லாக்டோபேசிலஸ் கிறிஸ்பேட்டஸ் என்ற இனம் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து சுற்றுப்புறத்தைப் புளிப்பாக வைத்துக்கொள்கிறது. குடலிலிருந்து வரும் ஈ. கோலைக்கு அது ஒத்துவராது. பயிர் அடர்ந்து நிற்கும் வயலில் களைக்கு இடம் கிடைக்காததைப்போலத்தான் இது. சில பெண்களுக்கு அடக்கவே முடியாமல் சிறுநீர் கசிகிறது. அவர்களுடைய சிறுநீர்ப்பையில் வாழும் கூட்டத்தின் சேர்க்கையே மற்றவர்களிடமிருந்து மாறுபட்டிருப்பதை லயோலா குழு 2014இல் கண்டது. அந்த மாற்றத்தால் நோய் வந்ததா, நோயால் மாற்றம் வந்ததா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் நடக்கிறது. ஆகவே, இதை வைத்துக்கொண்டு நாளைக்கே ஒரு டப்பாவில் ‘நல்ல பாக்டீரியா’ விற்க வருபவரை நம்ப வேண்டியதில்லை. தயிர் நல்ல உணவு. ஆனால் பாலை உறைய வைக்கும் இனங்கள் வேறு, இங்கே காவல் நிற்கும் இனம் வேறு.

இந்தக் காவலின் மதிப்பு, சிறுநீர்ப்பைக்குள் உயிர்கள் இருப்பது தெரிவதற்கு முன்பே ஓர் ஆய்வில் வெளிப்பட்டிருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறையும்போது லாக்டோபேசிலஸ் மறைகிறது. தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. இப்படி அவதிப்பட்ட 93 பெண்களிடம் ராஸ், ஸ்டாம் என்ற இரு மருத்துவர்கள் செய்த ஆய்வு 1993இல் வெளியானது. உறுப்பில் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தடவியவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக அரை தடவை தொற்று வந்தது. வெறும் களிம்பு தடவியவர்களுக்கு ஏறக்குறைய ஆறு தடவை. ஈஸ்ட்ரோஜன் களிம்பு தடவியவர்களில் பாதிக்கும் மேலானவர்களிடம் லாக்டோபேசிலஸ் திரும்பி வந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பழைய இந்தத் தகவல் நம் அம்மாக்களுக்கும் அத்தைமார்களுக்கும் சொல்லப்படவில்லை. அறுபது வயதில் மாதம் ஒருமுறை ஆன்டிபயாடிக் சாப்பிடும் பெண்கள் எத்தனை பேரை நமக்குத் தெரியும்! மகப்பேறு மருத்துவரிடம் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. கூடவே, கிருமிநாசினி கலந்த தண்ணீரால் உறுப்பின் உட்பகுதியைக் கழுவும் வழக்கத்தையும், வாசனை வாஷ்களையும் கைவிட வேண்டும். அவை முதலில் அழிப்பது காவலாளிகளைத்தான்.

விராலிமலையைப் பற்றி எழுதும்போது சுருட்டைச் சொல்லாமல் போக முடியாது. முருகனுக்குச் சுருட்டு படைக்கும் வழக்கம் இந்த ஊருக்கே உரியது. அந்த நம்பிக்கையைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. மனிதர் பிடிக்கும் சுருட்டும் பீடியும் சிகரெட்டும் வேறு விஷயம். புகையிலையின் நச்சுப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, கடைசியில் சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தங்குகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம் என்று அமெரிக்காவில் 2011இல் வெளியான பெரிய ஆய்வு சொன்னது. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், புகைபிடிக்கும் ஆண்கள் அதைச் சூடு என்று விட்டுவிடக் கூடாது. இந்தப் புற்றுநோயின் ஆரம்ப நிலைக்கு உலகம் முழுவதும் பயன்படும் சிகிச்சைகளில் ஒன்று, காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி பாக்டீரியாவை உயிரோடு சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவது. கனடாவில் ஆல்வரோ மொராலஸ் 1976இல் அதை வெளியிட்டார். 1948இல் சென்னை கிண்டியில் ஆய்வுக்கூடம் அமைத்து நாம் தடுப்பூசி தயாரித்ததும் இந்தப் பாக்டீரியாவிலிருந்துதான்.

மருந்துக்கடை மாத்திரைக்கு வருகிறேன். எரிச்சலும் வலியும் உள்ள தொற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவை. காய்ச்சலும் நடுக்கமும் விலாவில் வலியும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. தேவையில்லாத இடத்திலும் அரைகுறையாகவும் தவறான மருந்தாகவும் அது போவதுதான் சிக்கல். எந்தத் தொந்தரவும் இல்லாதவர் உடல் பரிசோதனைப் பேக்கேஜில் சிறுநீர் கொடுக்கிறார். ‘பாக்டீரியா உள்ளது’ என்று தாள் வருகிறது. உடனே ஏழு நாள் மருந்து. இத்தாலியில் தொம்மாசோ காய் குழு, அடிக்கடி தொற்றுக்கு ஆளாகி, அப்போது தொந்தரவு ஏதும் இல்லாமல் இருந்த 673 இளம் பெண்களை ஓராண்டு கவனித்தது. தாளில் பாக்டீரியா இருக்கிறது என்பதற்காக மருந்து தரப்பட்டவர்களுக்கு, மருந்தில்லாமல் விடப்பட்டவர்களைவிட அதிகமாகத் தொற்று திரும்பி வந்ததாக 2012இல் வெளியிட்டார்கள். மருந்து துரத்தியதில் காவல் காத்த உயிர்களும் சேர்ந்து போய்விட்டிருக்கலாம். தாளுக்கு வைத்தியம் செய்யாதீர்கள் என்று 2019இல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் தன் வழிகாட்டுதலில் மீண்டும் வலியுறுத்தியது. முக்கியமான விலக்கு கர்ப்பிணிகள். அவர்களுக்கு எரிச்சலே இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி அளவுக்கு மேல் இருந்தால் அது சிறுநீரகத்துக்கு ஏறி, குறைப்பிரசவம் வரை கொண்டுபோகலாம். அவர்களுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டாயம் வேண்டும். சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் இந்த விலக்கில் வருகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில்தான் 2008இல் ‘நியூ டெல்லி’யின் பெயரைத் தாங்கிய என்டிஎம்-1 என்ற மரபணு உள்ள கிருமி முதலில் பிடிபட்டது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பாபெனம் மருந்துகளையே உடைத்துப்போடும் நொதியை உருவாக்கும் மரபணு அது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. 2010இல் ‘லான்செட்’ குழும இதழில் அதன் பரவலை உலகுக்குச் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அதைக் கண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே சாதாரணமாக வந்த சிறுநீர்த் தொற்றுகளிலும் அது இருந்தது. பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றி எழுந்த சத்தத்தில் கட்டுரை சொன்ன செய்தி அமுங்கிப்போனது. மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 மார்ச்சில் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது: முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? கேரளம் 2024இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்ற பெயரில் மருந்துக்கடைகளில் நேரடிச் சோதனையில் இறங்கியது. ஆன்டிபயாடிக்கைத் தனி நீலநிற உறையில் கொடுக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தது. நாம் செய்ய முடியாத காரியம் எதுவும் அதில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகளில், மருத்துவமனைகளில் பிடிபடும் ஈ. கோலையில் பெரும்பாலானவை சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்குவதில்லை. ஆனால் கடையில் கத்தரிக்கப்படும் அட்டைகளில் அந்த மாத்திரை இன்றும் இருக்கிறது.

ஆனாலும் மருந்துக்கடையை மட்டும் பூட்டி இந்த நோயைத் தடுக்க முடியாது. பெண்ணின் சிறுநீர்த்தாரை ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர்தான்; குடல் கிருமி உள்ளே வர அதிகத் தூரம் இல்லை. வந்ததை வெளியே அடித்துக்கொண்டு போவது சிறுநீரின் ஓட்டம். ஓட்டம் ஐந்தாறு மணி நேரம் நின்றால் கிருமி பெருகுகிறது. சிறுநீர்ப்பைச் சுவரின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து பதுங்கவும் ஈ. கோலைக்குத் தெரியும். பல்கேரியாவில் குறைவாகத் தண்ணீர் குடிக்கும் வழக்கமுள்ள, அடிக்கடி தொற்று வந்த 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்கு வந்த தொற்று சராசரி 1.7, மற்றவர்களுக்கு 3.2. ஆன்டிபயாடிக் தேவையும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2018இல் வெளியான இந்த ஆய்வில் மருந்து எதுவும் கிடையாது, தண்ணீர் மட்டும்தான். ஆனால், ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கும் பெண்ணுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும். மருத்துவர் “நிறையத் தண்ணி குடிங்க” என்று சொல்லி அனுப்பும்போது, அந்தப் பெண் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பதில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காத வரை மற்ற எல்லா அறிவுரையும் பாதியில் நிற்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகக் கிராமப்புற வீடுகளில் கழிப்பறை இருந்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அதற்குப் பிறகு வீடுகளில் நிறையக் கட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வெளியே, பகல் முழுவதும் பெண் இருக்கும் இடங்களில் நிலைமை அவ்வளவு மாறவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளர் எந்நேரமும் போகும்படி கழிப்பறை இருக்க வேண்டும் என்றே எழுதியது. ‘எந்நேரமும்’ என்பதை மேற்பார்வையாளரின் அனுமதியோ, உற்பத்தி இலக்கோ தடுக்கக் கூடாது. 2005இல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம் பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று பட்டியலிட்டது. வேலைக்கு வருவோரில் பெரும்பான்மையினர் பெண்களாக இருக்கும் தமிழகத்தில் அந்தப் பட்டியலோடு ஒரு மறைப்புத் தட்டியும் தற்காலிகக் கழிப்பறையும் சேர்ந்திருக்க வேண்டும். தமிழக அரசுக்கு இந்தப் பிரச்சினை தெரியாது என்று சொல்ல மாட்டேன். 2021 ஜூனில் முதல்வர் செல்லும் வழிகளில் பெண் காவலர்களைச் சாலையோரக் காவலுக்கு நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அதே ஆண்டு கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமானது. 2025இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் ஏற்பாடு வந்தது. நல்ல தொடக்கங்கள் இவை. மணி அடித்ததும் ஒரு மாணவி டம்ளரை எடுப்பாளா என்பது, பள்ளியின் பின்பக்கக் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

இதை எங்கிருந்தாவது முழுமையாகத் தொடங்க வேண்டுமென்றால் விராலிமலையிலிருந்து தொடங்கலாம் என்பது என் கோரிக்கை. தமிழகத்தின் சுகாதார அமைச்சராக 2013 முதல் 2021 வரை இருந்தவர் இந்தத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டைக்கு 2017இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. தொழிற்சாலை, கோயில், நெடுஞ்சாலை, கண்மாய் வேலை நான்கும் ஒரே வட்டாரத்தில் கலந்திருக்கும் ஊர் இது. பேருந்து நிலையத்திலும் மலையடிவாரத்திலும் பெண்களுக்குக் கட்டணமில்லாத, இரவிலும் திறந்திருக்கும், நியாயமான சம்பளத்தில் பராமரிப்பாளர் உள்ள கழிப்பறைகள் வேண்டும். திருவிழா நாள்களில் மட்டும் கொண்டுவந்து நிறுத்தும் வண்டிகள் போதாது. கண்மாய் வேலைக்கு ஊராட்சி எடுத்துச்செல்லும் சாமான்களோடு மடக்கும் தட்டி ஒன்று போக வேண்டும். தொழிற்சாலை ஆய்வாளர்கள் பெண் தொழிலாளர்களோடு தனியே பேசி, ஷிப்ட்டில் எத்தனை முறை போக முடிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பரிசோதனை. சிறுநீர் மாதிரியைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் முடிவு பொய்யாகிவிடும்; குளிரில் வைத்தாலோ, போரிக் அமிலம் போட்ட குப்பியில் எடுத்தாலோ ஒரு நாள் தாங்கும். ஆகவே, விராலிமலையில் நுண்ணுயிரியல் ஆய்வகம் கட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அரசு மருத்துவமனையிலும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காலையில் எடுத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்கோ, திருச்சி அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோக ஒரு வண்டி போதும். கர்ப்பிணிகளின் மாதிரி முதலில். திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்கள், சர்க்கரை நோயாளிகள் அடுத்து. மூன்றாம் நாள் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற முடிவு கிராம சுகாதாரச் செவிலியரின் கைபேசிக்கு வந்துவிட வேண்டும். அந்த முடிவுகளை வட்டாரவாரியாகத் தொகுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்டால், விராலிமலையில் எந்த மாத்திரை இன்னும் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது மருத்துவருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.